பம்பளிமாஸ் முள்

மணிலாவில் முந்தின இரவு ஏறிய பஸ், பொன்தோக் ஊருக்குள் நுழைந்தபோது காலை எட்டரை மணி. பிலிப்பைன்ஸில் கம்பளி இல்லாமல் இரவு பஸ் ஏறக் கூடாது. மீன் கெடாமல் வைக்கிற அளவுக்கு ஏ.சி. போடுகிறார்கள். பல் கிட்டித்துப் போய் இறங்கினேன். எனக்கு முன்னால் குதித்து இறங்கிய என் தங்கை மகள், "பெரியம்மா, இன்னும் இருக்கு. அதுக்குள்ள உட்காந்துட்டா எப்படி?" என்றாள்.

அவள் டாவோ நகரத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள். நம் ஊரிலிருந்து நிறையப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். பரீட்சை முடிந்து விடுமுறை விட்டிருந்தது. அவளைப் பார்க்க வந்ததாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன் என்று மதுரையில் யாரிடம் சொல்வது?

ஆசைக்குக் காரணம் ஓர் அட்டைப்படம். 2023 ஏப்ரலில் 'வோக்' இதழின் பிலிப்பைன்ஸ் பதிப்பு, 106 வயதுப் பாட்டி ஒருவரை அட்டையில் போட்டது. பெயர் வாங்-ஓட். கழுத்தெல்லாம், கையெல்லாம் பச்சை. கலிங்கா மலையில் முள்ளால் பச்சை குத்துகிறவர். அந்தப் படத்தை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, எனக்கு என் அப்பத்தாவின் முன்னங்கை ஞாபகம் வந்தது. ஒரு புள்ளிக் கோலமும் அதன் கீழே ஒரு தேளும். குழந்தையில் அந்தத் தேளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஊர் ஊராக வரும் குறத்தி குத்தியது என்பாள். விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் குத்தினாளாம். கரி கறுப்புதான், தோலுக்கு அடியில் போய் உட்கார்ந்ததும் பச்சையாகத் தெரிகிறது. நம் மொழி அதற்கு வைத்த பெயரும் அதுவே.

பொன்தோக்கிலிருந்து ஜீப்னி. நம் ஊர் ஷேர் ஆட்டோவும் மினி பஸ்ஸும் சேர்ந்து பெற்ற பிள்ளை மாதிரி ஒரு வண்டி. உள்ளே இடமில்லாதவர்கள் கூரையில் ஏறிக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அதல பாதாளத்தில் சிக்கோ ஆறு. கலிங்கா என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் படித்தவர்களுக்குக் கலிங்கத்துப்பரணி நினைவு வரும். சம்பந்தமே கிடையாது. அக்கம்பக்கத்து மக்களின் மொழிகளில் 'தலை வெட்டுகிறவர்' என்ற பொருளில் வந்த பெயர் என்கிறார்கள். பகைவன் தலையைக் கொண்டு வந்தவன் மார்பில் பச்சை ஏறிய காலம் ஒன்று இந்த மலையில் இருந்தது. அமெரிக்க ஆட்சி வந்து தலை வெட்டை ஒடுக்கியது. ஆண்களின் பச்சை தேய்ந்தது. பெண்களின் கைகளில் மட்டும் மிஞ்சியது.

வழியில் புக்னாய். மக்லியிங் துலாக் வாழ்ந்த ஊர். சிக்கோ ஆற்றில் அணை கட்டி இந்தப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்க மார்க்கோஸ் அரசு திட்டம் போட்டபோது, உலக வங்கிப் பணம் பின்னால் நின்றபோது, முடியாது என்று சொன்ன தலைவர் அவர். 1980 ஏப்ரல் 24 இரவு ராணுவத்தினர் அவரை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அணை வரவில்லை. அவரும் வாங்-ஓட்டும் ஒரே புட்புட் இனம். இந்த மக்கள் தங்கள் மண்ணில் யார் என்ன செய்யலாம் என்பதைத் தாங்களே முடிவு செய்கிறவர்கள். பச்சையும் இங்கே அப்படித்தான் இருந்தது என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன்.

சாலை பிரியும் இடத்தில் பேர் எழுதி, கட்டணம் கட்டி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும். அது கட்டாயம். எங்களுக்கு வாய்த்தவன் இருபது வயதுப் பையன். மோட்டார் சைக்கிளில் ஏற்றி, சாலை முடியும் இடத்தில் இறக்கிவிட்டான். அதற்கு மேல் நடை. பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏற்றம். படிப்படியாக வயல். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கல் அடுக்கிக் கட்டிய சுவர். மூச்சு வாங்க நான் நின்ற இடத்திலெல்லாம் பையனும் மரியாதைக்காக நின்றான். தங்கை மகள் நிற்கவில்லை.

புஸ்கலான் சின்ன ஊர். வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. நடுவில் ஓர் ஆள் போகிற சந்து. பன்றிகள், கோழிகள், காயப்போட்ட காப்பிக் கொட்டை. இதெல்லாம் கண்ணில் படுவதற்கு முன்பே ஒரு சத்தம் காதில் விழுந்தது. டக், டக், டக், டக். மரங்கொத்தி மாதிரி. இன்னொரு பக்கத்திலிருந்து அதே சத்தம், கொஞ்சம் வேகமாக. பிறகு வேறொரு வீட்டுக்குப் பின்னாலிருந்து. ஊரே கொத்திக்கொண்டிருந்தது.

பாட்டி ஒரு தாழ்வாரத்தில் பலகைமேல் குந்தியிருந்தார். 'ஆப்போ' என்று அழைக்கிறார்கள். பெரியவருக்கு வைக்கிற மரியாதைச் சொல். எதிரே ஒரு நீண்ட வரிசை. இந்த வயதில் அவர் பெரிய உருவம் எதுவும் குத்துவதில்லை. மூன்று புள்ளிகள், அவருடைய கையெழுத்து போல. அவரையும், அவரிடம் கற்ற இரண்டு பேத்தி முறைப் பெண்கள் கிரேஸ், எலியாங் ஆகியோரையும் குறிக்கும் புள்ளிகள் என்கிறார்கள். உருவம் வேண்டுமென்றால் இளையவர்களிடம் போக வேண்டும். நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். முதுகு வில்லாக வளைந்திருந்தது. கை நடுங்கவில்லை.

கருவி இவ்வளவுதான்: ஒரு சாண் மூங்கில் குச்சி, அதன் நுனியில் குறுக்கே செருகிய முள், அதைத் தட்ட இன்னொரு குச்சி. முள் பம்பளிமாஸ் மரத்துடையது. நம் ஊர்ப் பெரிய எலுமிச்சைக் குடும்பம்தான். கொட்டாங்குச்சியில் கரியும் தண்ணீரும் குழைத்த மை. காய்ந்த புல் தண்டை அதில் தொட்டு முதலில் தோலில் கோடு வரைகிறார்கள். பிறகு முள்ளில் மை தடவி, கோட்டின்மேல் வைத்துத் தட்டுகிறார்கள். ரத்தம் முத்து முத்தாக வரும். துடைப்பார்கள். மறுபடி தட்டு.

அன்று மாலை, தங்கிய வீட்டில் பெரிய கெட்டிலில் கொதித்த கறுப்புக் காப்பி கொடுத்தார்கள். அவர்கள் தோட்டத்துக் கொட்டை. அந்தக் காப்பியை ஊதிக்கொண்டே, "நாளைக்குக் காலையில சீக்கிரமே போய் வரிசையில நின்னுடலாம்" என்றேன்.

தங்கை மகள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பெரியம்மா, உங்க காதை ஒருதரம் தொட்டுப் பாருங்க" என்றாள்.

தொட வேண்டிய அவசியமே இல்லை. அது அங்கே இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் தெரியும்.

முப்பத்தெட்டாவது வயதில், ஒரு அழகு நிலையத்தில், காதின் மேல்பகுதியில் ஒரு துளை போட்டுக்கொண்டேன். கூட வேலை பார்த்த டீச்சர் போட்டிருந்தாள், எனக்கும் ஆசை. துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. 'டப்' என்றது, முடிந்தது. எந்த ஊர், எந்தக் கடை என்பதெல்லாம் இப்போது வேண்டாம். துளை போட்ட பெண்ணும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. குற்றத்தில் பாதி என்னுடையது. இரண்டு வாரம் சீழ் பிடித்தது. மூன்று மாதத்தில் துளையைச் சுற்றிச் சதை எழும்பியது. சுண்டைக்காய் அளவுக்கு வந்தபின்தான் டாக்டரிடம் போனேன். கெலாய்டு என்றார். வெட்டி எடுத்தார்கள், திரும்ப வந்தது. அதற்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுச் சுருக்கினார்கள். இன்றைக்கும் மிளகளவு பாக்கி இருக்கிறது. தலைமுடியை அந்தப் பக்கம் விட்டே பதினைந்து வருடமாகிறது.

"ஒரு வயசுல ஆசாரி குத்தினப்ப ஒண்ணும் ஆகலியே?" என்றேன்.

அவள் வாத்தியார் ஆனாள். காது மடலின் அடிப்பகுதி வெறும் சதை. ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல்பகுதி குருத்தெலும்பு. அதற்கென்று ரத்தக் குழாய் இல்லை. மேலே போர்த்திய சவ்விலிருந்துதான் ஊட்டம் கசிந்து வர வேண்டும். துப்பாக்கியின் கூர்மழுங்கிய தோடு அதைத் துளைப்பதற்குப் பதில் நசுக்குகிறது. அங்கே கிருமி புகுந்தால் மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. ஆறுவதற்குப் பல மாதம் ஆகும். ஒரு வருடம்கூட ஆகலாம். கெலாய்டு தனிக்கதை. காயம் ஆறியபின் தோல், தழும்பு போடுவதை நிறுத்த வேண்டும். சிலர் தோலுக்கு அந்த நிறுத்தல் வராது. காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு இது கூடுதல். பதினோரு வயதுக்கு மேல் காது குத்துகிறவர்களுக்கு, சின்ன வயதில் குத்தியவர்களைவிட வாய்ப்பு அதிகம்.

"காதுல வந்தா கையில வரணும்னு இல்ல. வராதுன்னும் யாரும் எழுதிக் குடுக்க முடியாது. ஒரு முள்ளு, ஆயிரம் குத்து. ஒவ்வொண்ணும் ஒரு காயம். காதுல முடியால மறைச்சீங்க. கையில எதால மறைப்பீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. மணிலாவுக்கு விமானம், பன்னிரண்டு மணி நேரம் பஸ், ஜீப்னி, மோட்டார் சைக்கிள், மலை ஏற்றம். இத்தனைக்குப் பிறகா இதைச் சொல்வது? "அப்ப எதுக்குடி என்னைக் கூட்டிட்டு வந்தே?"

"நான் குத்திக்க வந்தேன்" என்றாள்.

தூக்கம் வரவில்லை. அவளுக்கும்தான். இருட்டில் பேசிக்கொண்டே கிடந்தோம். அவள் ஆறு மாதமாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். மருத்துவ மாணவி என்பதால் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு, உடம்பில் எதிர்ப்பு வந்திருக்கிறதா என்று ரத்தமும் பார்த்துவிட்டாள். டெட்டனஸ் ஊசியும் ஆயிற்று. ஊசியால் ரத்தம் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவமனைகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களாம். நோய் உள்ளவரைக் குத்திய ஊசி தவறி நர்ஸைக் குத்தினால் எச்.ஐ.வி. தொற்றுவது ஆயிரத்தில் மூன்று முறை. ஹெப்படைட்டிஸ் சி, பழைய கணக்குப்படி, நூற்றில் கிட்டத்தட்ட இரண்டு முறை. ஹெப்படைட்டிஸ் பி, தடுப்பூசி போடாதவர்களுக்கு, நூற்றில் முப்பது முறைவரை. நாம் பயப்படுவதோ எச்.ஐ.வி. ஒன்றுக்குத்தான். பி கிருமி காய்ந்த ரத்தத்தில், உடம்புக்கு வெளியே, ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கறையில்கூட.

"முள்ளை மாத்துறாங்கல்ல?" என்றேன்.

"முள்ளை மாத்துவாங்க. அது நல்ல விஷயம். ஆளுக்கொரு முள். நம்ம ஊர்த் திருவிழாவுல ஒரே மெஷின் ஊசியில நாப்பது பேருக்குக் குத்துறதைவிட எவ்வளவோ மேல். நான் யோசிக்கிறது மையைப் பத்தி."

மையிலா என்ன இருக்கிறது, சுட்ட கரிதானே என்று கேட்டேன். கரியில் பெரிய பயமில்லை என்றாள், பயம் தண்ணீரில். நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் என்று ஓர் ஊர். 2011 கடைசியில் அங்கே 19 பேருக்குப் பச்சை குத்திய இடத்தில் செம்புள்ளிகளாகக் கொப்பளம் எழுந்தது. எல்லாம் ஒரே கலைஞர் குத்தியது. அவர் சுத்தமானவர், ஊசி புதிது, கையுறை புதிது. நோய் வந்தது, வெளியிலிருந்து வாங்கிய சாம்பல் நிற மையில். மையைக் கலக்கக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். காய்ச்சி வடித்தது வேறு, கிருமி நீக்கியது வேறு. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறையான ஒரு கிருமி அதில் வாழ்ந்திருக்கிறது. அது சாதாரண மாத்திரைக்கு அசையாது. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். இப்போதும் நிலைமை முழுசாக மாறவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், மூடி திறக்காத 75 மைப் புட்டிகளில் 26இல் பாக்டீரியா இருந்தது. 'ஸ்டெரைல்' என்று அட்டை ஒட்டியவையும் அதில் உண்டு. இதை அவள் பிறகு எனக்கு அனுப்பி வைத்தாள்.

வண்ண மைகளின் கதை வேறு. அலர்ஜி அதிகம் தருவது சிவப்பு. அது குத்தியவுடன் வர வேண்டும் என்பதில்லை. மாதம், வருடம் கழித்தும் தடித்து அரிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து பச்சை குத்தும் மைகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. கறுப்பு மருதாணி என்று கடற்கரைகளில் தற்காலிகமாக வரைகிறார்களே, ஊசியே இல்லை, பயமில்லை என்று நினைக்கிறோம். மருதாணி கறுப்பாக இருக்காது. கறுப்பாக்க அவர்கள் கலப்பது தலைமுடிச் சாயத்தில் உள்ள பி.பி.டி. கொப்பளித்து, படம் போனபின்னும் அதே வடிவில் தழும்பு நிற்கும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் தலைக்கு டை அடிக்க முடியாதவர்கள் உண்டு.

"பச்சை எப்படிடி அழியாம நிக்குது?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டால் எனக்கே பதில் தெரியாத கேள்வி.

மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும். மை அதற்குக் கீழே, ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் போகிறது. உடம்பு அதைப் பகைவன் என்று நினைத்துக் காவல் செல்களை அனுப்புகிறது. அவை மையை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. விழுங்கியபடியே அங்கே நின்றுவிடுகின்றன. அவை செத்தால் மை சிந்தும். அடுத்து வரும் காவல் செல் அதை விழுங்கும். எலிகளை வைத்து பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2018இல் இதைக் காட்டினார்கள். கொஞ்சம் மை நிணநீர்க் கணுக்களுக்கும் போய்த் தங்குகிறது. என் அப்பத்தாவின் தேளை எண்பது வயதுவரை தலைமுறை தலைமுறையாகச் செல்கள் கைமாற்றிக் காப்பாற்றியிருக்கின்றன. அந்த இருட்டில் எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. மலையேறி வந்து பார்த்த எதையும்விட.

காலையில் வழிகாட்டிப் பையனிடம், யார் வேண்டுமானாலும் இங்கே குத்தலாமா என்று கேட்டேன். இப்போது ஊரில் பலர் குத்துகிறார்கள் என்றான். ஆனால் பாட்டி நம்புவது வேறு. இந்தக் கலை ரத்த வழியில்தான் போக வேண்டும். ரத்த வழியில் வராதவர் முள்ளெடுத்தால் குத்திய இடம் சீழ் பிடிக்கும் என்பது அவர் வாக்கு. வாங்-ஓட் தன் அப்பாவிடம் கற்றவர். இளம் வயதில் காதலன் மரம் வெட்டும் விபத்தில் இறந்துபோக, அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பிள்ளை இல்லை. அதனால்தான் உடன்பிறந்தார் வழிப் பேத்திகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

மூட நம்பிக்கை என்று மேலோட்டமாகத் தள்ளிவிடலாம். எனக்குத் தள்ளத் தோன்றவில்லை. கிருமி என்ற சொல் இல்லாத காலத்தில் ஒரு சமூகம் போட்ட வேலி அது. யார் குத்துவது என்பதற்கு ஒரு தகுதி. குத்திக்கொள்ள வேண்டியவரும் சும்மா வந்து உட்கார முடியாது. ஆணுக்குப் போர்க்களம், பெண்ணுக்குப் பருவம், கூலிக்கு நெல்லும் பன்றிக்குட்டியும் கொடுக்கிற குடும்பம். கேள்விகள் ஊரோடு இருந்தன. ஊரே கேட்டது, ஊரே பதில் சொன்னது. இன்று வெளியூரிலிருந்து பணத்தோடு வருகிற என்னை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அந்தக் கேள்விகளை நானேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். முப்பத்தெட்டு வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது கேட்காமல் விட்டது அதுதான்.

தங்கை மகள் குத்திக்கொண்டாள். நான் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

குத்தியவள் முப்பது வயதுப் பெண். இவள் பையைத் திறந்து, ஊசி மருந்து கரைக்கிற கிருமி நீக்கிய தண்ணீர்க் குப்பி இரண்டு, ஒரு பாக்கெட் கையுறை, மூடி கழற்றாத ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம் எல்லாம் எடுத்து வைத்தாள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. விருந்துக்குப் போன வீட்டில் சொந்தத் தட்டை எடுத்து வைத்த மாதிரி. அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "டாக்டரா?" என்றாள். "ஆகப்போறேன்" என்றாள் இவள். சிரித்துக்கொண்டே கையுறை போட்டுக்கொண்டு, புதுக் கரியை அந்தக் கிண்ணத்தில் போட்டு, அந்தத் தண்ணீரை விட்டே குழைத்தாள். முள்ளை எங்கள் கண் முன்னால் செருகினாள். ஒருவரை மதித்துக்கொண்டே அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்க முடியும். எத்தனையோ இடங்களில் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

முன்னங்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, படிப்படியான வயலைப் போல ஒரு கோட்டு வரிசை. இருபத்தைந்து நிமிடம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்வாரத்துப் பன்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டும் ஒவ்வொரு முறையும் தோல் முள்ளைப் பிடித்து இழுத்து விடுவது எனக்குத் தெரிந்தது. முடிந்ததும் எண்ணெய் தடவினார்கள்.

விடுமுறையின் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருந்தது. ஆறாத புண்ணோடு வார்டுக்குள் போகக் கூடாது. டாவோவுக்கு எதிரே சமால் தீவு. விடுமுறை என்றால் அவர்கள் கூட்டமே கடலில்தான் கிடக்கும். இந்தமுறை அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள். அமெரிக்காவில் ஒருவர் காலில் பச்சை குத்தி ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் குளித்தார். உவர்நீரில் வாழும் விப்ரியோ கிருமி அந்தப் புண் வழியே ஏறியது. ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்தவர். இரண்டு மாதத்தில் இறந்துபோனார். 2017இல் மருத்துவ இதழில் வந்தது. கடலும் ஆறும் நீச்சல் குளமும் புண் ஆறும்வரை வேண்டாம் என்பது அவள் எனக்குச் சொன்ன பாடங்களில் கடைசி.

ஊர் திரும்பியதும் பள்ளியில் கதை சொன்னேன். பிளஸ் டூ பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மூக்கின் நடுவில், தொப்புளில், நாக்கில் என்று அவரவருக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயசும் இல்லை. பதினெட்டு முடியட்டும் என்றேன். பிறகு கரும்பலகையில் எழுதினேன். ஊசி உன் கண் முன்னால் பிரிக்கப்படுகிறதா? உலோகக் கருவி ஆட்டோக்ளேவில், 121 டிகிரி நீராவியில் வெந்து வருகிறதா, இல்லை ஸ்பிரிட்டில் துடைத்து வருகிறதா? மை உனக்கென்று தனியாக ஊற்றப்படுகிறதா? ஹெப்படைட்டிஸ் பி ஊசி மூன்றும் போட்டாயா? சர்க்கரை, இதய வால்வுக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம், வீட்டில் யாருக்காவது பெருத்த தழும்பு, இதில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டரைப் பார்த்தாயா? போடுகிற நகையில் நிக்கல் இருக்கிறதா? மூன்று நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், சீழ் வைத்தால் யாரிடம் போவாய்? இரண்டு மூன்று வாரம் கழித்துக் கொப்பளம் கிளம்பினால், பச்சை குத்தினேன் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்வாயா? இதில் ஒரு கேள்விக்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடு. எழுந்து வருவதற்குக் காசு கிடையாது. லேசரில் அழிப்பதற்கு உண்டு, பல தவணையில், குத்தியதைவிடப் பல மடங்கு. அழிந்தாலும் முழுசாக அழியாது.

எழுதி முடித்தபின் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நீங்க ஏன் குத்திக்கல?"

முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவை.

அடுத்த மாதம் பள்ளியில் ரத்ததான முகாம். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: கடந்த பன்னிரண்டு மாதத்தில் பச்சை குத்திக்கொண்டீர்களா, உடம்பில் துளையிட்டுக்கொண்டீர்களா? நம் நாட்டு விதிப்படி 'ஆம்' என்றால் ஓராண்டு ரத்தம் கொடுக்க முடியாது. நான் 'இல்லை' என்று குறித்து ஒரு பை ரத்தம் கொடுத்தேன். தங்கை மகள் 2024 ஏப்ரலில் குத்திக்கொண்டாள். விடுமுறைக்கு ஊர் வந்தபோது முகாமுக்குக் கூட வந்தாள், படிவத்தைக் கையில் வாங்கவில்லை. அடுத்த ஏப்ரல் வரை காத்திருந்துதான் கொடுத்தாள்.